ஐஸ்ல கிடைச்ச கொத்து பரோட்டா!

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஒரு குட்டிப் பொட்டலத்தில் கொஞ்சம் பவுடரைக் கொடுத்து, 'இது என்ன உப்புன்னு கண்டுபிடி' என்பார்கள். முதலில் நிறம் பார். அப்புறம் மணம் பார். தண்ணீரில் கரையுதா பார். ஆசிட் ஊற்று, தீயில் காட்டு... எல்லாம் முடிஞ்சு கடைசியில் எழுதுவது ஒரே ஒரு வரி. அந்த வரி தப்பாப் போச்சுன்னா மார்க் காலி! (பக்கத்து டேபிள் நோட்டை எட்டிப் பார்த்து அந்த வரியை எழுதியவர்கள் கையைத் தூக்க வேண்டாம். உங்கள் ரகசியம் உங்களோடு இருக்கட்டும்.)

இப்போ அந்தப் பொட்டலத்துக்குப் பதிலா உங்க கையில் 637 கிராம் எடையில் ஒரு கல். கொடுத்தது லேப் அசிஸ்டென்ட் இல்லை... அண்டார்டிகா! 'இது என்ன, எங்கிருந்து வந்தது, இதோட சொந்தக்காரங்க யாரு?' கேள்வி அவ்வளவுதான். ஆனால் எட்டிப் பார்க்கப் பக்கத்து டேபிளே கிடையாது. ஏன்னா, அண்டார்டிகாவில் அந்த ரகத்தில் கிடைத்த முதல் கல் அதுதான்.

கல்லோட பேரு ஏ.எல்.எச்.ஏ. 77219. என்னடா இது, ஹால் டிக்கெட் நம்பர் மாதிரி இருக்கேன்னு தோணுதா? கிட்டத்தட்ட அப்படித்தான். நம்ம ஊர் வண்டி நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி இதையும் பிரித்துப் படிக்கலாம். ஏ.எல்.எச். என்றால் ஆலன் ஹில்ஸ் என்கிற இடம். 77 என்பது தேடல் சீசன் தொடங்கிய வருடம். 219 அந்த சீசனில் கல்லுக்குக் கொடுத்த வரிசை எண். நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் 'ஏ' தேடல் குழுவின் அடையாளம், 1982 சீசனிலிருந்து அதைத் தூக்கிவிட்டார்கள்.

சரி, அவ்வளவு தூரம் போய் ஐஸில் ஏன் கல் பொறுக்கணும்? விண்கல் என்ன அண்டார்டிகாவைக் குறி பார்த்தா விழுது? இல்லவே இல்லை. உங்க மொட்டை மாடிக்கும் அதே சான்ஸ்தான். ஆனால் நம்ம ஊரில் விழுந்தால் மழை, மண், செடி, கொடி என்று கொஞ்ச காலத்தில் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிடும். மிஞ்சினாலும் ஆயிரம் கற்களுக்கு நடுவில் அது இன்னொரு கல். அண்டார்டிகாவில் விழுவது பனிக்குள் புதைந்துவிடும். ஃப்ரீசரில் வைத்த மாதிரி! புதைந்த பனி இறுகி ஐஸாகி, மெதுவாகக் கடலை நோக்கி நகரும். வழியில் ஒரு மலை குறுக்கே வந்தால் ஐஸ் அங்கேயே தேங்கி மேலே எழும்பும். அங்கே அடிக்கிற அசுரக் காற்று மேற்பரப்பு ஐஸை வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் கணக்கில் சீவிக்கொண்டே இருக்கும். ஐஸ் ஆவியாகிப் போய்விடும், உள்ளே இருந்த கல் மட்டும் போக இடமில்லாமல் நிற்கும். வாய்க்காலில் மிதந்து வருகிற குப்பையெல்லாம் மதகில் வந்து தங்குமே... அதே கதைதான். இப்படித் தங்கிய கற்களில் சில, பூமிக்கு வந்து 10 லட்சம் வருஷத்தையும் தாண்டியவை.

இந்தச் சூட்சுமம் ரொம்ப நாள் யாருக்கும் பிடிபடவில்லை. 1912-ல் மாசன் தலைமையில் போன ஆஸ்திரேலியக் குழு அண்டார்டிகாவின் முதல் விண்கல்லைக் கண்டெடுத்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். 1969-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யமாட்டோ மலைகள் பக்கம் ஐஸை அளக்கப் போனார்கள். விண்கல் தேடிப் போகவில்லை, சும்மா ஐஸை அளக்கத்தான். ஒரே பகுதியில் 9 கற்கள் கிடைத்தன. ஒரு கல் வானத்திலேயே உடைந்து 9 துண்டாக விழுந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் சோதித்தால் ஒவ்வொன்றும் வேற வேற ஜாதகம்! அப்படின்னா ஐஸ் தான் இவற்றைச் சேர்த்து வைக்குது என்று அர்த்தம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கேசிடி இந்தச் செய்தியைக் கேட்டதும், 'இங்கே கிடைத்தால் மற்ற மலைப் பக்கமும் கிடைக்குமே' என்று கிளம்பினார். 1976-ல் தேடல் ஆரம்பம். ஆரம்ப வருடங்களில் ஜப்பானியர்களும் கூட்டு. அடுத்த சீசனிலேயே ஆலன் ஹில்ஸில் மூட்டை மூட்டையாகக் கற்கள். அதில் ஒன்றுதான் நம்ம 77219.

அங்கே கல் எடுக்கிறதே ஒரு கலை பாஸ். 'ஐ... கல்லு!' என்று ஓடிப் போய்க் கையால் எடுக்கக் கூடாது. கை பட்டால் நம்ம வியர்வை, எண்ணெய் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான கருவியால் எடுத்து, சுத்தமான பையில் போட்டு, உறைந்த நிலையிலேயே ஹூஸ்டன் வரைக்கும் கொண்டு போகிறார்கள். அங்கே நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் உலர்ந்த நைட்ரஜன் வாயுவுக்குள் வைத்துப் பனியைப் போக்குகிறார்கள். ஏன் இவ்வளவு பந்தா? பனி உருகித் தண்ணீரானால் இரும்பு துருப்பிடிக்கும். லட்சம் வருஷம் ஃப்ரீசரில் பத்திரமா இருந்த கல்லை லேபில் வைத்து நாசம் பண்ணின பெருமை யாருக்கு வேணும்?

இனி நம்ம சால்ட் அனாலிசிஸ் ஆரம்பம்.

முதல் கட்டம் கண்ணால் பார்ப்பது. நீளம், அகலம், எடை குறிக்க வேண்டும். வளிமண்டலத்தில் எரிந்ததால் உண்டான கறுப்புத் தோல் மிச்சம் இருக்கா? எவ்வளவு துரு? எவ்வளவு விரிசல்? துருவுக்கு ஏ, பி, சி என்று கிரேடு உண்டு. அது எந்தக் காலேஜ் என்கிற மாதிரி கௌரவ விஷயம் இல்லை. 'இந்தக் கல்லின் வேதியியலை எவ்வளவு நம்பலாம்' என்று அடுத்து வரும் ஆளுக்குச் சொல்லி வைக்கிற குறிப்பு.

அடுத்து எந்த டிராயர் என்று பார்க்கணும். பழைய கணக்குப்படி விண்கற்களுக்கு மூணே டிராயர். கல், இரும்பு, ரெண்டும் கலந்த கல்-இரும்பு. மேலே இருந்து விழுவதை ஆட்கள் பார்த்து எடுத்தவற்றில் கல் ரகம்தான் 90 சதவீதத்துக்கு மேல். இரும்பு சுமார் 5. கல்-இரும்பு வெறும் ஒரு சதவீதம் அளவு. நம்ம 77219 இந்த ஒரு சதவீத டிராயருக்குள் போகிறது.

இந்த டிராயரைத் திறந்தால் உள்ளே ரெண்டு முக்கியமான ஆசாமிகள் இருக்கிறார்கள். ஒருத்தர் பேரு பல்லசைட், இன்னொருத்தர் மீசோசிடரைட். பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. பல்லசைட் என்பது கடலை மிட்டாய். வெல்லப் பாகில் கடலை பதிந்திருக்கிற மாதிரி, பளபளக்கிற உலோகத்துக்குள் தேன் நிற ஆலிவின் படிகங்கள் முழுசு முழுசாகப் பதிந்திருக்கும். மெலிசா அறுத்து வெளிச்சத்தில் பிடித்தால் சர்ச் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஜொலிக்கும். சைபீரியாவில் கிடைத்த சுமார் 700 கிலோ கட்டியை 1772-ல் பார்த்து உலகத்துக்குச் சொன்ன பீட்டர் பல்லாஸின் பெயர்தான் இதற்கு. 'கல் வானத்திலிருந்து விழும்' என்று 1794-ல் ஜெர்மனியின் கிளாட்னி புத்தகம் போட்டுக் கிண்டல் வாங்கினாரே, அவருக்கு ஆதாரமாக இருந்ததும் இதே கட்டிதான். அண்டார்டிகாவிலும் பல்லசைட் முன்பே கிடைத்துவிட்டது. 1961-62 கோடையில் தீல் மலைகள் பக்கம் அமெரிக்கப் புவியியலாளர்கள் எடுத்தார்கள்.

மீசோசிடரைட்? அது கொத்து பரோட்டா! பரோட்டா, முட்டை, வெங்காயம் எல்லாத்தையும் தோசைக்கல்லில் போட்டு டக்கு டக்குன்னு கொத்தித் தள்ளினால் எது எங்கே இருக்குன்னே தெரியாதே... அப்படித்தான் உலோகமும் பாறைத் துணுக்குகளும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி பொடிப்பொடியாக் கலந்து கிடக்கும். அழகுப் போட்டியில் பல்லசைட் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் கதை யார்கிட்ட அதிகம்னு கேட்டால், என் ஓட்டு கொத்து பரோட்டாவுக்குத்தான். 77219 அண்டார்டிகாவின் முதல் மீசோசிடரைட். 1980-ல் அகோஸ்டோ, ஹெவின்ஸ், கிளார்க் என்று மூணு பேர் அதை விரிவாக விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள்.

விவரிக்கிறதுன்னா எப்படி? கல்லிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும் வரை தேய்க்கிறார்கள். தலைமுடியைவிட மெலிசு. அந்தத் தடிமனில் பாறைக்குள் வெளிச்சம் புகுந்து வரும். மைக்ரோஸ்கோப்பில் போலராய்டு போட்டுத் திருப்பினால் ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு கலர் காட்டும். சும்மா சொல்லக் கூடாது, சினிமா செட் தோத்துடும். உலோகத்துக்குள் வெளிச்சம் போகாது, அதனால் அதற்கு மேலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள்.

இதைவிட எனக்குப் பிடிச்சது ஒரு பழைய டெக்னிக். போரோசில் கண்ணாடிக் குச்சியை கிளிசரினில் விட்டால் குச்சி காணாமல் போகிற மேஜிக் பார்த்திருப்பீங்க. ரெண்டும் ஒளியை ஒரே அளவு வளைப்பதால் விளிம்பு தெரியாது. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பிரையன் மேசன் என்கிற நியூசிலாந்துக்காரர் இதையே தொழிலாக வைத்திருந்தார். கல்லிலிருந்து ஒரு துகளைச் சுரண்டி எடுத்து, அளவு தெரிந்த எண்ணெயில் போடுவார். எந்த எண்ணெயில் துகள் மறைகிறதோ, அதை வைத்து அந்தக் கனிமத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அண்டார்டிகாவிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கற்களை முதலில் வகை பிரித்தவர் அவர்தான். கோடி ரூபாய் மெஷின் எதுவும் இல்லை பாஸ், ஒரு மைக்ரோஸ்கோப்பும் சில எண்ணெய் பாட்டிலும்!

மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. எலெக்ட்ரான் கற்றையை ஒரு துளி இடத்தில் பாய்ச்சி, அங்கே எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் கருவியும் உண்டு. பைராக்சீன் என்கிற கனிமத்தில் இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். நிலாப் பாறையில் அது சுமார் 60. வெஸ்டா என்கிற குறுங்கோளிலிருந்து வந்ததாகக் கருதப்படும் கற்களில் சுமார் 30. இந்த விகிதம் சுலபத்தில் மாறாது. கைரேகை மாதிரி.

இதையெல்லாம் வைத்துத்தான் லேபிள் எழுதுகிறார்கள். இன்றைய பட்டியலில் நம்ம ஆளோட லேபிள்: 'மீசோசிடரைட் - பி1'. எழுத்து, அதில் என்ன கனிமம் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. பிளாஜியோகிளேஸ் என்கிற வெள்ளைக் கனிமம் அதிகமாக, எரிமலைப் பாறைச் சாயலில் இருந்தால் ஏ. அது குறைந்து பைராக்சீன் ஓங்கியிருந்தால் பி. கிட்டத்தட்ட முழுக்கப் பைராக்சீன் என்றால் சி. எண் எதற்கு? கொத்திய பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தார்கள் என்பதற்கு! 1 என்றால் துணுக்குகளின் கூர்முனை அப்படியே இருக்கும். எண் ஏற ஏறச் சூட்டில் எல்லாம் ஒன்றோடொன்று கூடிப் புதுசாகப் படிகமாகியிருக்கும். 4 என்றால் உருகியே போயிருக்கு. ஆக பி1 என்பது அதிகம் சமைக்காத கொத்து. துணுக்குகள் எங்கிருந்து வந்தன என்று படிக்க ரொம்ப வசதி.

இதே பி1 டிராயரில் இன்னொரு பிரபலம் உட்கார்ந்திருக்கு. சிங்குவெட்டி! மொரிட்டானியா பாலைவனத்தில் 1916-ல் ரிப்பெர் என்கிற பிரெஞ்சு கேப்டன் நாலரைக் கிலோ துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 'இது ஒரு பிரம்மாண்ட இரும்பு மலை மேல் கிடந்தது, மலையோட அகலமே 100 மீட்டர்' என்றார். அதற்கப்புறம் எத்தனையோ பேர் தேடினார்கள். மலை கிடைக்கவே இல்லை. 2001-ல் அந்தத் துண்டின் ஐசோடோப்புகளை அளந்து பார்த்தார்கள். அது விண்வெளியில் இருந்தபோது முழுக் கல்லின் ஆரமே 80 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்காது என்று தெரிந்தது. மலையாவது ஒண்ணாவது! நம்ம துணைக்கண்டத்துக்கும் ஒரு மீசோசிடரைட் உண்டு. இன்றைய பங்களாதேஷில் 1935-ல் விழுந்த பட்வார். அது ஏ1.

சரி, மேட்டருக்கு வருவோம். லேபிள் ஒட்டியாச்சு, வேலை முடிஞ்சுதான்னு கேட்டால், இங்கேதான் உண்மையான தலைவலி ஆரம்பம்.

ஒரு தேங்காயை நினைச்சுக்கோங்க. வெளியே ஓடு, உள்ளே பருப்பு, நடுவில் தண்ணீர். பெரிய குறுங்கோள்களும் ஆரம்ப காலத்தில் உருகி இப்படித்தான் அடுக்கு அடுக்காகப் பிரிந்தன. வெளியே எரிமலைப் பாறையாலான மேலோடு. நடுவில் உருகிய இரும்பு. ரெண்டுக்கும் இடையில் தடியான ஆலிவின் அடுக்கு. பல்லசைட்டில் ஆலிவினும் இரும்பும், அதாவது பருப்பும் தண்ணீரும். அடுத்தடுத்து இருப்பவை கலந்ததில் ஆச்சரியம் கம்மி. மீசோசிடரைட்டில் இருப்பதோ ஓடும் தண்ணீரும்! பருப்பு மட்டும் பேருக்கு ஏதோ கொஞ்சம். தேங்காயை உடைத்தால் ஓட்டுச் சில்லும் தண்ணீரும் கையில் இருக்கு, நடுவில் இருந்த பருப்பைக் காணோம் என்றால் எப்படி இருக்கும்? யார் தின்னது?

அதோடு இன்னொரு குழப்பம். உலோகத்தை மெருகேற்றி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் ஆசிட்டைத் தடவினால் ரெண்டு வித இரும்பு-நிக்கல் கலவை தனித்தனியாகத் தெரியும். நிக்கல் குறைந்தது காமசைட், கூடுதலாக உள்ளது டேனைட். உலோகம் ஆற ஆற, காமசைட் வளர்ந்து நிக்கலை டேனைட்டுக்குள் தள்ளும். எவ்வளவு மெதுவாக ஆறியதோ, அவ்வளவு தூரம் நிக்கல் நகர்ந்திருக்கும். அந்தத் தூரத்தை அளந்து ஆறிய வேகத்தைச் சொல்லலாம். மீசோசிடரைட்டில் வந்த விடை: ஒரு டிகிரி குறைய சுமார் 10 லட்சம் வருஷம், அல்லது அதற்கும் மேல்! நமக்குத் தெரிந்த பாறைகளிலேயே மகா சோம்பேறி இதுதான். ஆனால் அதே கல்லில் உள்ள பாறைத் துணுக்குகளைக் கேட்டால் அவை வேற சொல்லுது. 'ஆரம்பத்துல, ரொம்பச் சூடா இருந்தப்போ, நாங்க படுவேகமா ஆறினோம்' என்கின்றன.

ரெண்டு சாட்சியும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால் கதை இப்படிப் போகும். உருகிய, கொதிக்கிற உலோகம் குளிர்ந்த பாறைக் குவியலில் வந்து கலக்கிறது. சூடு சட்டென்று பாறைக்குள் பரவுகிறது. அது வேகமான ஆறுதல். பிறகு அந்த மொத்தக் குவியலும் ஆழத்தில் புதைந்து, போர்வை போர்த்தியது போல் கோடிக்கணக்கான வருடம் கிடக்கிறது. அது சோம்பேறி ஆறுதல். இவ்வளவையும் ஒரு துண்டு உலோகமும் ஒரு துண்டு பாறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சொல்லுது.

அந்தக் குவியல் யார் வீட்டுது? இதுக்கு ஆக்சிஜன் டெஸ்ட். ஆக்சிஜனில் 16, 17, 18 என்று மூணு ஐசோடோப்பு. இவற்றின் விகிதம் ஒரே குடும்பத்துக் கற்களுக்கு ஒரே கோட்டில் விழும். ரொம்ப நாளாக மீசோசிடரைட், பெரும்பாலான பல்லசைட், வெஸ்டா கற்கள் எல்லாமே ஒரே கோட்டில் விழுகிற மாதிரிதான் தெரிந்தது. 'ஒரே தேங்காயோட துண்டுகளா இருக்குமோ?' என்ற சந்தேகம் அதனால்தான். 2006-ல் இங்கிலாந்தின் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் கிரீன்வுட் குழு லேசரை வைத்து மறுபடி அளந்தது. முன்பைவிடத் துல்லியம். மீசோசிடரைட்டும் வெஸ்டா கற்களும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன. பல்லசைட் தனியாக விலகி நின்றது. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? பத்து லட்சத்தில் சுமார் 60 பங்கு! அவ்வளவு சின்ன இடைவெளியில் ஒரு குடும்பம் ரெண்டாகிவிட்டது.

யோசிச்சுப் பாருங்க. 'கல்-இரும்பு' என்ற ஒரே டிராயரில் நூறு வருஷத்துக்கும் மேல் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்த ரெண்டும் சொந்தமே இல்லை! ஹாஸ்டலில் ஒரே ரூமில் போட்டதால் அண்ணன் தம்பி ஆகிவிட முடியுமா? 1868-ல் இன்றைய பாகிஸ்தானின் முல்தான் அருகே விழுந்த லோட்ரான் கல்லுக்கும் இதே கதி. உலோகமும் பாறையும் கலந்திருக்கே என்று கல்-இரும்பு டிராயரில் வைத்தார்கள். பிறகு உட்கதை தெரிந்ததும், அரைகுறையாக உருகிய கல் ரகங்களோடு சேர்த்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த டிராயரின் பெயர்ப் பலகையையே கழற்றிவிடலாம். மியூசியத்தில் ஷெல்ஃப் அடுக்க வேணும்னா வைத்துக்கொள்ளட்டும்.

அப்போ பருப்பு எங்கே? 2011-12ல் டான் விண்கலம் வெஸ்டாவைச் சுற்றி வந்தது. அதன் தென்பகுதியில் சுமார் 500 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு மெகா பள்ளம். அவ்வளவு ஆழமாகத் தோண்டினால் ஆலிவின் அடுக்கு வெளியே தெரியணும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை! 2019-ல் ஜப்பானின் ஹபா தலைமையிலான குழு, மீசோசிடரைட்டில் உள்ள சிர்க்கான் துகள்களின் வயதை அளந்தது. 452.5 கோடி வருடங்களுக்கு முன் ஒரு பெரிய மோதல். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்ட ஹிட் அண்ட் ரன் கேஸ் அது என்கிறார்கள். அந்த இடியில் வெஸ்டா ஒரு பக்கம் கிழிந்து, உள்ளிருந்த உலோகம் வரை வெளியே தெறித்து, மறுபக்கத்தில் மேலோட்டுப் பாறையோடு கலந்து விழுந்தது. ஏற்கெனவே தடித்த ஓடு, அதன் மேல் இந்தக் குப்பையும். அதனால்தான் பள்ளத்தில் பருப்பு தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். உலோகம் வெஸ்டாவோடது இல்லை, மோத வந்த இன்னொரு குறுங்கோளோடது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கேஸ் நடந்துகொண்டிருக்கு.

லேபிள் ஒட்டும் வேலையில் வேறொரு சிக்கலும் உண்டு. சின்னத் துண்டு ஏமாற்றும். 1979-ல் ரெக்லிங் பீக் என்ற இடத்தில் கிடைத்த 10 கிலோ கல்லில் உலோகம் ஏகத்துக்கு அதிகம், பாறை கம்மி. அதில் உலோகம் மட்டும் உள்ள மூலையை உடைத்துக் கொடுத்தால் 'இரும்பு' என்று எழுதியிருப்பீர்கள். முழுசாகப் பார்த்த மேசனும் கிளார்க்கும் 1982-ல் அதையும் மீசோசிடரைட் என்றே எழுதினார்கள். கொத்து பரோட்டாவில் முட்டை மட்டும் வந்த வாயை வைத்து ஆம்லெட் என்று சொல்லக் கூடாது இல்லையா! அடுத்த சீசனில் அதே இடத்தில் கிடைத்த சின்னத் துண்டுகளும் இந்தக் கல்லின் உடைசல்தான் என்று கணக்கில் சேர்த்தார்கள். இல்லாவிட்டால் ஒரு கல்லை அஞ்சு கல்லாக எண்ணி, அபூர்வமானதைச் சகஜம் என்று நினைத்துவிடுவோம்.

எண்ணிக்கை என்றதும் ஞாபகம் வருது. உலகம் முழுக்க விழுவதில் இரும்பு கலந்தவை 5 சதவீதத்துக்கு மேல். அண்டார்டிகாவில் கிடைப்பதிலோ ஒரு சதவீதம்கூட இல்லை. மீதி எங்கே? 2016-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒரு கணக்குப் போட்டது. இரும்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஐஸ் மேல் வந்ததும், ஏன், வரும் முன்பே, ஐஸ் வழியாக வருகிற வெயிலில் சூடாகி, அடியில் உள்ள ஐஸை உருக்கித் திரும்பக் கீழே போய்விடும். வருடம் முழுக்க மேலே வர முயற்சி, கோடையில் திரும்பச் சறுக்கல். நம்மில் சிலரோட அரியர் பேப்பர் மாதிரி! மேற்பரப்புக்குக் கீழே சில பத்து சென்டிமீட்டரில் இப்படி ஒரு கூட்டமே மாட்டிக்கொண்டிருக்கலாம் என்று, உலோகம் கண்டுபிடிக்கும் கருவிகளை ஸ்னோமொபைலில் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் தேடினார்கள். இப்போது கல் ரகத்துக்கும் அதே ஆபத்து. பூமி சூடாக ஆக, வருடத்துக்கு சுமார் 5,000 விண்கற்கள் ஐஸுக்குள் மூழ்கிக் கைக்கு எட்டாமல் போகின்றன என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

பாதி உலோகமாக இருந்தும் 77219 மேலேயே கிடந்தது, யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. அமெரிக்கத் தேடலில் இதுவரை சேர்ந்த கற்கள் 20,000-க்கும் மேல். அவை ஹூஸ்டனிலும் வாஷிங்டனிலும் பாதுகாக்கப்படுகின்றன. எந்த நாட்டு ஆய்வாளரும் கேட்டு விண்ணப்பிக்கலாம். என்ன அளக்கப் போகிறீர்கள், எவ்வளவு வேண்டும், ஏன் அதைவிடக் குறைவாக வைத்து அளக்க முடியாது என்று எழுதணும். ஒரு கமிட்டி அதைப் படிக்கும். ஓகே ஆனால் சின்ன டப்பாவில் ஒரு சில்லு வரும். பெரும்பாலும் ஒரு கிராம்கூட இருக்காது, அளந்து முடித்ததும் மிச்சத்தைத் திருப்பி அனுப்பணும்!